எக்ஸாம் எழுத மறுத்தவர், என்சைக்ளோபீடியா தந்தவர்! பெ.தூரனைத் தெரியுமா உங்களுக்கு?

டிகிரி கடைசி வருஷம். மேத்ஸ் மெயின் சப்ஜெக்ட். ஊரில் தோட்டத்து வேலையை நம்பியிருக்கும் குடும்பம், பையன் பட்டணத்தில் படிக்கிறான் என்று காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஃபைனல் எக்ஸாம் எழுதப்போவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்தால் என்ன ஆகும்? வீடே ரெண்டாகிவிடும் இல்லையா?

1931-ல் ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவர் அதைத்தான் செய்தார். படிப்பு வரவில்லை என்பதால் இல்லை. லாகூரில் ஓர் இளைஞனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்பதால்.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் தமிழின் முதல் நவீன கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியர் ஆனார். அதாவது, கூகுளும் விக்கிபீடியாவும் கனவில்கூட இல்லாத காலத்தில், உலக அறிவு மொத்தத்தையும் தமிழில் அகர வரிசைப்படி அடுக்கித் தந்தவர். பெயர் பெ.தூரன். முழுப்பெயர் பெரியசாமித் தூரன்.

குடியுரிமை, வரலாறு, சமூக நீதி பற்றிப் படிக்க டீன் ஏஜில் என்ன புத்தகம் எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு எப்போதும் ஒரு பெரிய லிஸ்ட் நீட்டப்படும். அதில் பாதிக்கு மேல் இங்கிலீஷாக இருக்கும். இந்த வாரம் லிஸ்ட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். தமிழில் அப்படிப்பட்ட புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று வாழ்நாளையே கொடுத்த ஒரு கொங்கு நாட்டு மனிதரின் கதையைப் பார்ப்போம். கடைசியில் அவர் புத்தகங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்கிறேன்.

வலசிலிருந்து பட்டணத்துக்கு

1908 செப்டம்பர் 26-ல் மஞ்சக்காட்டுவலசு என்ற ஊரில் பிறந்தார் பெரியசாமி. மொடக்குறிச்சிப் பக்கம். கொங்கு நாட்டில் `வலசு' என்று முடியும் ஊர்கள் நிறைய உண்டு. காடு, தோட்டங்களுக்கு நடுவே சில குடும்பங்கள் சேர்ந்து வாழும் சிற்றூர்கள். இன்றைக்கு அது ஈரோடு மாவட்டம். அன்றைக்கு மொத்தமும் கோயம்புத்தூர் மாவட்டம்தான். 1979-ல்தான் ஈரோட்டுப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது.

`தூரன்' என்பது அவர் பிறந்த கொங்கு வேளாளர் சமூகத்தில் ஒரு குலத்தின் பெயர். அதையே எழுத்துக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். கடைசியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஈரோட்டில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை. மாநிலக் கல்லூரியில் கணிதம் எடுத்துப் படித்தார். ஆனால் மனசு முழுக்க எழுத்தில் இருந்தது. கொங்குப் பகுதியிலிருந்து வந்திருந்த மாணவர்கள் சிலர் சேர்ந்து `வனமலர்ச் சங்கம்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் சார்பில் `பித்தன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அந்த நண்பர் குழுவில் இருந்த ஒருவர், பின்னாளில் இந்தியாவின் உணவு, விவசாய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்குக் காரணமானவர்களில் ஒருவரான சி.சுப்பிரமணியம். அவரும் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்தான்.

யோசிச்சுப் பாருங்க. கையில் பெரிய காசு இல்லாத காலேஜ் பசங்க, லைக்கும் ஃபாலோயரும் இல்லாத காலத்தில், தமிழில் எழுத வேண்டும் என்பதற்காகவே ஒரு பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்.

அந்த மார்ச் மாதம்

1931 மார்ச் 23. லாகூர் மத்திய சிறையில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். செய்தி நாடு முழுக்கப் பரவியது. சென்னையில் மாணவர்கள் கொதித்துப்போனார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. பகத் சிங் பிறந்தது 1907 செப்டம்பர் 28. தூரன் பிறந்தது 1908 செப்டம்பர் 26. ரெண்டு பேருக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். தூக்கில் தொங்கியவருக்கு 23 வயது. செய்தியைப் படித்தவருக்கு 22. ஒருவர் வாழ்க்கை முடிந்துபோன அதே மாதத்தில், தன் வாழ்க்கையை டிகிரி வாங்கித் தொடங்குவது தூரனுக்குச் சரியாகப் படவில்லை. பி.ஏ. இறுதித் தேர்வை எழுதாமல் விட்டார்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பகத் சிங் என்றால் தொப்பியும் மீசையும் துப்பாக்கியும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அவர் பயங்கரமான படிப்பாளி. சிறையில் இருந்தபோது படித்த புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்த அவருடைய நோட்டு, பிற்காலத்தில் தனிப் புத்தகமாகவே வந்துவிட்டது. தூக்குக்கு நாள் குறித்த பிறகும் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்காக, பரீட்சை ஹாலுக்குப் போகாமல் இருந்தார் இவர்.

ரீல்ஸ் போட வேண்டும் என்றால் இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம். பேக்ரவுண்டில் மியூசிக் போட்டால் புல்லரிக்கும். ஆனால் தூரனின் வாழ்க்கையில் நாம் பார்க்க வேண்டியது இதற்கு அப்புறம் வருகிற பகுதி. ஒருநாள் கோபத்தில் ஒரு விஷயத்தை உதறிவிடுவது சுலபம் இல்லை, உண்மைதான். அந்தக் கோபத்தை அடுத்த நாள், அடுத்த வருஷம், அடுத்த நாற்பது வருஷம் என்ன செய்வது? அதுதான் இன்னும் கஷ்டம்.

பெரியநாயக்கன்பாளையத்து வாத்தியார்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டி போகிற ரோட்டில் பஸ்ஸில் போயிருப்பீர்கள். துடியலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெரியநாயக்கன்பாளையம். அங்கே இருக்கிற ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தெரியாத கோவைக்காரர் இருக்க முடியாது.

அதை 1930-ல் ஆரம்பித்தவர் தி.சு.அவினாசிலிங்கம். திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தி வழியில் பல தடவை சிறை சென்றவர். பிள்ளைகள் ஆசிரியர்களோடு ஒன்றாகத் தங்கி, சாதி பார்க்காமல் ஒன்றாகச் சாப்பிட்டு, கைத்தொழிலும் கற்றுப் படிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பள்ளியின் யோசனை. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்துகொண்டிருந்த காலத்தில், அது சின்ன விஷயம் இல்லை. 1934-ல் காந்தி தீண்டாமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் வந்தபோது, இந்த வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

பரீட்சை எழுதாமல் ஊருக்குத் திரும்பிய தூரன், இங்கேதான் ஆசிரியராக வந்து சேர்ந்தார். 1948 வரைக்கும் இங்கேதான் வேலை.

வாத்தியாராக இருந்தபோது அவர் கவனித்த ஒரு விஷயம், அவருடைய எழுத்தையே மாற்றியது. பிள்ளைகளின் மனசு எப்படி வேலை செய்கிறது என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்லித் தர, தமிழில் புத்தகமே கிடையாது. உலகம் முழுக்க உளவியல் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. தமிழில் அதைப் பேசுவதற்கான வார்த்தைகளே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. தூரன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். `குழந்தை உள்ளம்', `தாழ்வு மனப்பான்மை', `அடிமனம்' என்று வரிசையாகப் புத்தகங்கள் வந்தன.

அதில் ஒன்றின் பெயர் `குமரப்பருவம்'. ஆமாம், டீன் ஏஜ் பற்றித்தான். இன்றைக்கு இன்ஸ்டாவில் ஆயிரம் கவுன்சலிங் வீடியோ வருகிறது. உங்க தாத்தா, பாட்டி டீன் ஏஜில் இருந்த காலத்திலேயே, அந்த வயசுக்கு என்று தனியாக ஒரு மனசு இருக்கிறது, அதைப் புரிஞ்சுக்கணும் என்று ஒரு கொங்கு நாட்டு வாத்தியார் தமிழில் எழுதிவைத்திருக்கிறார்.

தேதி போட்ட பாரதி

இன்னொரு பக்கம், தூரனுக்குப் பாரதி மேல் தீராத பித்து. பாரதியார் 1921-ல் இறந்துவிட்டார். அவர் `சுதேசமித்திரன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள், கவிதைகள், கதைகள் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. புத்தகமாக வராதவை நிறைய. போட்டோகாப்பி மெஷின் கிடையாது. மொபைலில் ஒரு க்ளிக் அடிக்கும் வசதியும் கிடையாது. பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்து, தேடி எடுத்து, சேகரிக்க வேண்டும். தூரன் அதைச் செய்தார். 1953-ல் `பாரதி தமிழ்' என்ற பெயரில் அந்தத் தொகுப்பு வந்தது.

இதில் நாம் கத்துக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாரதியின் எழுத்துகளைத் தேதி வரிசைப்படி அடுக்கினார் தூரன். ஒருவர் ஒரு விஷயத்தை எந்த வருஷம் எழுதினார், அப்போது நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியாமல், அவர் சொன்னதை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்தால் அர்த்தமே மாறிப்போகும். இன்றைக்கு யாரோ ஒரு தலைவரின் போட்டோவைப் போட்டு, அவர் சொல்லாததைச் சொன்னதாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள் இல்லையா? அதற்கு நேர் எதிரான வேலை இது. எங்கே வந்தது, எப்போது வந்தது என்று ஆதாரத்தோடு வைப்பது. வரலாறு படிக்கிற யாருக்கும் முதல் பாடமே இதுதான்.

ஓட்டு வந்தது... புத்தகம்?

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியில் பாடம் நடத்தும் வேலையை முன்னெடுத்தவர்களில் அவர் ஒருவர். பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை அரசு வாங்கியது, அவர் காலத்தில் நடந்த இன்னொரு விஷயம்.

தமிழில் பாடம் நடத்தலாம், சரி. ஒரு மாணவருக்குச் சந்தேகம் வந்தால் எதைப் புரட்டிப் பார்ப்பது? நாடாளுமன்றம் என்றால் என்ன, பிரெஞ்சுப் புரட்சி எப்போது நடந்தது, மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பதில் எல்லாம் இங்கிலீஷ் என்சைக்ளோபீடியாவில் இருந்தது. பிரிட்டானிக்கா 1768-லிருந்தே வந்துகொண்டிருந்த புத்தகம். தமிழில் அதற்கு முன்பு முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் `அபிதான கோசம்' 1902-ல் வந்தது. சிங்காரவேலு முதலியாரின் `அபிதான சிந்தாமணி' 1910-ல் வந்தது. ரெண்டும் பெரிய உழைப்பு. ஆனால் அவை புராணம், இலக்கியம் சார்ந்த விஷயங்களில்தான் அதிகம் நின்றன. நவீன உலகம் மொத்தத்துக்குமான ஒரு நூல் தமிழில் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க, 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பை உருவாக்கினார் அவினாசிலிங்கம். பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவருவது திட்டம். இதை யார் தலையில் கட்டுவது? தன் பள்ளியில் வேலை பார்த்த வாத்தியாரைத்தான் அழைத்தார். 1948-ல் தூரன் முதன்மை ஆசிரியராகச் சென்னைக்குப் போனார். டிகிரிக்காக ஒரு காலத்தில் போன அதே பட்டணம்.

இந்தக் காலகட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1951-52-ல் இந்தியா முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்தது. 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு. ஆண், பெண், பணக்காரர், ஏழை, சாதி எதுவும் தடை இல்லை. ஆனால் 1951 கணக்குப்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். கையில் ஓட்டு வந்துவிட்டது. எதற்கு ஓட்டுப் போடுகிறோம், சட்டம் என்ன சொல்கிறது, உலகத்தில் என்ன நடக்கிறது என்று சொந்தமாகப் படித்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அன்றைய கிராமத்தில் ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூட, படித்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் சொல்வதுதான் வேதம். அவர் மாற்றிச் சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாது. புத்தகம் அப்படி இல்லை. யார் திறந்தாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். திறந்தவருடைய சாதி, வீடு, வருமானம் எதையும் அது கேட்காது. நாம் சமூக நீதி என்று சொல்கிறோமே, அதில் இதுவும் ஒரு பகுதி. தெரிந்துகொள்வதற்கு இன்னொருவர் தயவை எதிர்பார்க்காமல் இருப்பது.

முப்பது வருஷம், ஒரே வேலை

கலைக்களஞ்சியம் என்றால் ரூம் போட்டு யாரோ நாலு பேர் எழுதிவிடுவது இல்லை. முதலில் தலைப்புகளை முடிவு செய்ய வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம், எதற்கு எத்தனை பக்கம். பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் அந்தத் துறையில் ஆழம் கண்டவரைத் தேட வேண்டும். அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். கட்டுரை வரவில்லை என்றால் மறுபடி எழுத வேண்டும்.

வந்தால் அடுத்த சிக்கல். பல அறிஞர்களுக்குத் தங்கள் துறையைப் பற்றித் தமிழில் எழுதிப் பழக்கமே இல்லை. இங்கிலீஷில் எழுதித் தருவார்கள். அதைத் தமிழாக்க வேண்டும். தமிழாக்க வார்த்தை இல்லை என்றால் உருவாக்க வேண்டும். முதல் தொகுதியில் ஒரு கலைச்சொல்லை ஒரு மாதிரி போட்டுவிட்டு, ஏழாவது தொகுதியில் வேறு மாதிரி போட்டால் படிக்கிறவர் குழம்பிவிடுவார். அதனால் எல்லாவற்றையும் ஒருவர் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கண் தூரனுடையது.

கன்ட்ரோல்-எஃப் அடித்துத் தேட முடியாது. எல்லாம் காகிதம். அச்சுக் கோத்து, புரூஃப் திருத்தி, மறுபடி அச்சுக்கு அனுப்பி...

முதல் தொகுதி 1954-ல் வந்தது. பத்தாவது தொகுதி 1968-ல். ஒவ்வொன்றும் சுமார் 750 பக்கம். மொத்தம் ஏறத்தாழ 15,000 கட்டுரைகள். எழுதியவர்கள் சுமார் 1,200 பேர். இந்தப் பதினான்கு வருஷத்தில் உலகமே மாறிக்கொண்டிருந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்து இந்தியாவின் வரைபடம் மாறியது. 1957-ல் ஸ்புட்னிக் பறந்தது. 1961-ல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனார். ஒரு பக்கம் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் பழசாகிக்கொண்டிருக்கும். கடைசித் தொகுதியை விடுபட்டவற்றுக்கும் புதியவற்றுக்குமான இணைப்பாகக் கொண்டுவந்தார்கள்.

இதே மாதிரி ஒரு வேலை ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டில் நடந்தது. பிரான்ஸில் தெனி திதெரோ கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751-ல் வெளியானது. 1759-ல் அரசே அதன் அனுமதியை ரத்து செய்தது. அறிவு எல்லார் கைக்கும் போனால் அதிகாரத்துக்கு அது பிடிப்பதில்லை. தூரனுக்கு அந்தத் தடை இல்லை. அவருக்கு அரசின் ஆதரவும் இருந்தது, பொதுமக்கள் நன்கொடையும் இருந்தது. அவருடைய சவால் வேறு. தமிழில் இதெல்லாம் முடியுமா என்ற சந்தேகம்தான் அவர் தாண்ட வேண்டிய சுவர். அதற்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தொகுதி தொகுதியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

1968-ல் இந்திய அரசு தூரனுக்கு பத்ம பூஷண் விருது கொடுத்தது. பலர் அதோடு ரிட்டயர்டு ஆகியிருப்பார்கள். தூரனுக்கு ஒரு பாக்கி இருந்தது.

குட்டீஸுக்கும் பத்துத் தொகுதி

பெரியவர்களுக்குக் களஞ்சியம் வந்தாச்சு. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளை அதை எப்படிப் படிக்கும்? பதினேழு வருஷம் பிள்ளைகளோடு இருந்த வாத்தியாருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? `குழந்தைகள் கலைக்களஞ்சியம்' தொடங்கினார். 1968-லிருந்து 1976 வரை அதுவும் பத்துத் தொகுதிகள். படங்களோடு, சின்னச் சின்ன வாக்கியங்களில்.

1978-ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியபோது, முப்பது வருஷம் முடிந்திருந்தது.

இதற்கு நடுவே மனுஷன் சும்மாவும் இருக்கவில்லை. சுமார் 600 தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றினார். கர்நாடக இசை மேடையில் தெலுங்குப் பாட்டுதான் அதிகம், தமிழ்ப் பாட்டுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று தமிழிசை இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. டி.கே.பட்டம்மாள் போன்ற பெரிய பாடகர்கள் தூரன் பாட்டுகளை மேடையில் பாடினார்கள். 1972-ல் இசைப்பேரறிஞர் விருது கிடைத்தது. மார்கழிக் கச்சேரியில் இன்றைக்கும் அவர் பாட்டு ஒலிக்கிறது. பாடுகிறவருக்கே அவர்தான் கலைக்களஞ்சியக்காரர் என்று தெரியுமா என்பது வேறு விஷயம்!

கொங்கு மண்ணின் நாட்டுப்புறப் பாடல்களையும் விடவில்லை. களை எடுக்கும்போதும், தாலாட்டும்போதும் பாடுகிற பாட்டையெல்லாம் இலக்கியமாகவே மதிக்காத காலத்தில், அவற்றைச் சேகரித்து `காற்றில் வந்த கவிதை' என்று புத்தகமாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடமும் ஒரு களஞ்சியம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1987 ஜனவரி 20-ல் தூரன் மறைந்தார். வயது 78.

எதிலிருந்து தொடங்கலாம்?

சரி, இவர் புத்தகத்தில் நீங்க எதை முதலில் எடுக்கலாம்?

* கதை பிடிக்கும் என்றால்: சிறுவர்களுக்கான `கொல்லிமலைக் குள்ளன்', `சங்ககிரிக் கோட்டையின் மர்மம்'. ரெண்டும் நம்ம பக்கத்து மலை, நம்ம பக்கத்துக் கோட்டை. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்டது இதே சங்ககிரியில்தான். கதையைப் படித்துவிட்டு ஒரு லீவு நாளில் கோட்டை ஏறிப் பாருங்க. உங்க தம்பி, தங்கச்சிக்கும் படிச்சுக் காட்டலாம்.

* ஊர் வரலாறு பிடிக்கும் என்றால்: `காளிங்கராயன் கொடை' சிறுகதைத் தொகுப்பு. பவானியில் தொடங்கி ஈரோடு வழியாக ஓடும் காளிங்கராயன் வாய்க்கால், 13-ம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. இன்றைக்கும் அதில் பாசனம் நடக்கிறது.

* உங்களையே புரிஞ்சுக்க: `குமரப்பருவம்', `தாழ்வு மனப்பான்மை'. எழுதப்பட்ட காலம் பழசு, உளவியல் அதற்குப் பிறகு எவ்வளவோ தாண்டி வந்துவிட்டது. மனசு சம்பந்தமான பிரச்னை என்றால் டாக்டரைத்தான் பார்க்கணும். ஆனால் இந்த விஷயங்களைத் தமிழில் எப்படிப் பேச ஆரம்பித்தோம் என்று பார்க்க அருமையான புத்தகங்கள்.

* சமூகம், நாடு பற்றி யோசிக்க: பாரதியின் எழுத்துகளைத் தலைப்பு வாரியாகத் தூரன் தொகுத்த சின்னச் சின்ன நூல்கள். `பாரதியும் சமூகமும்', `பாரதியும் பாரத தேசமும்', `பாரதியும் உலகமும்'. பஸ்ஸில் போகும்போதே படிக்கலாம்.

* கலைக்களஞ்சியம் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள: ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய `தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கதை'.

கலைக்களஞ்சியங்களைத் தேடி எந்த லைப்ரரிக்கும் அலைய வேண்டாம். பெரியவர்களுக்கானது, குழந்தைகளுக்கானது ரெண்டுமே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வலைதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போனிலேயே படிக்கலாம்.

படிக்கும்போது இதையும் பாருங்க

அறுபது, எழுபது வருஷத்துக்கு முந்தைய தகவல் அது. சில நாடுகளே இப்போது இல்லை. மக்கள்தொகை எண்கள் மாறிவிட்டன. கம்ப்யூட்டர் பற்றித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஸ்கூல் அசைன்மென்ட்டுக்கு அப்படியே காப்பி அடித்தால் மார்க் போய்விடும்!

ஆனால் பழசாகிப்போன களஞ்சியம் ஒரு வரலாற்று ஆவணம். அன்றைக்குத் தமிழ்நாடு உலகத்தை எப்படிப் பார்த்தது என்று அதில் தெரியும். ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய விடுதலைப் போராட்டம், தீண்டாமை, பெண் கல்வி, தொழிற்சங்கம் எதுவாகவும் இருக்கலாம். களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்க. உங்க பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்க. விக்கிபீடியாவில் என்ன இருக்கிறது என்றும் பாருங்க. யார் பெயர் மூன்றிலும் வருகிறது? யார் பெயர் ஒன்றில் மட்டும் வருகிறது? யாருக்கு எத்தனை வரி? விட்டுப்போனது யார்? ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிவிட்டால், ஃபார்வர்டு மெசேஜை நம்பி ஏமாறும் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் ஒரு சின்ன வேலை. தமிழ் விக்கிபீடியா 2003-லிருந்து இயங்குகிறது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். உங்க வலசு, உங்க பாளையம், உங்க ஊர்க் குளம், உங்க தாத்தா வேலை பார்த்த மில் பற்றி அதில் கட்டுரை இருக்கிறதா என்று தேடிப் பாருங்க. இல்லையென்றால், ஆதாரத்தோடு நாலு வரி எழுதுங்க. தேதி போட மறக்காதீங்க. கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய், முப்பது வருஷம் உட்கார்ந்து தூரன் பார்த்த வேலையில் ஒரு துளியை, நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி முடித்துவிடலாம்.